ராணுவ உபரி முதுகுப்பையை மலைநடைக்குத் தயார் செய்தல்: ஆலிஸ் பையை முன்வைத்து ஒரு வழிகாட்டி

அமெரிக்க ராணுவம் 1973-ஆம் ஆண்டில் தன் காலாட்படைக்கென ஏற்றுக்கொண்ட சுமைக் கருவித் தொகுதி, அதன் முழுப்பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து 'ஆலிஸ்' என்று அழைக்கப்படுகிறது. வியட்நாமின் மழைக்காடுகளில் பருத்தித் துணிப் பைகள் நனைந்து கனத்து, காயாமலே இற்றுப்போன அனுபவத்துக்குப் பிறகு முழுக்க நைலானில் வடிவமைக்கப்பட்ட தொகுதி அது. அதில் ஒரு பகுதியாக வந்த முதுகுப்பையும் அலுமினியக் குழாய்ச் சட்டகமும் ஏராளமாக உற்பத்தி செய்யப்பட்டதால், அந்தப் பைகளின் இடத்தைப் புதியவை பிடித்துப் பல ஆண்டுகள் கடந்த பின்னும், அமெரிக்காவின் உபரிக் கடைகளிலும் இணையச் சந்தைகளிலும் அவை இன்றும் கிடைக்கின்றன. புதிய மலையேற்றப் பை ஒன்றுக்குச் செலவாகும் தொகையோடு ஒப்பிட்டால் இதன் விலை குறைவு. பாறையில் உரசினாலும் முள்ளில் சிக்கினாலும் கிழியாத துணி. பழுதானால் பகுதி பகுதியாகக் கழற்றி மாற்றலாம். இந்த மூன்று காரணங்களுக்காகவே பலரும் இதை வாங்குகிறார்கள்.

வாங்கியவர்களில் கணிசமானோர் இரண்டாம் நடையிலேயே இதைக் கைவிட்டுவிடுவதும் உண்டு. தோள் வலிக்கிறது, இடுப்பெலும்பில் உரசுகிறது என்பதே வழக்கமான புகார். புகார் நியாயமானது, ஆனால் காரணம் பையின் தரத்தில் இல்லை. இந்தப் பை யாருடைய உடலுக்காக வடிவமைக்கப்பட்டது என்பதைப் பார்த்தால் விஷயம் விளங்கும். சிப்பாயின் இடுப்பில் தோட்டா உறைகளும் தண்ணீர்க் குப்பிகளும் தொங்கும் அகலமான பட்டை ஏற்கெனவே இறுக்கப்பட்டிருக்கும். அதன்மேல் இன்னொரு தடித்த இடுப்புப் பட்டையைக் கட்ட இடமில்லை. ஆகவே ஆலிஸ் பையின் இடுப்புப் பகுதியில், முதுகின் அடிப்பக்கத்துக்கு ஒரு மெத்தையும், பை ஆடாமல் இருப்பதற்காக ஒரு மெல்லிய நாடாவும் மட்டுமே வைக்கப்பட்டன. எடை முழுவதும் தோள்களில்தான் நிற்கும். இடுப்பில் எதுவும் அணியாத நடைப்பயணி அந்த எடையைத் தோளிலிருந்து இடுப்புக்கு இறக்கிக்கொள்ள வேண்டும் என்பதே இந்த வழிகாட்டியின் மையச் செய்தி. மற்ற வேலைகள் எல்லாம் அதற்குத் துணை.

எந்தப் பையைத் தேர்ந்தெடுப்பது

ஆலிஸ் பை இரண்டு அளவுகளில் வந்தது. நடுத்தரப் பை சுமார் 38 லிட்டர் கொள்ளும். வெளிப்புறத்தில் மூன்று பெரிய பைகள் இருக்கும். சட்டகத்தோடும் அணியலாம், சட்டகம் இல்லாமலும் அணியலாம். பெரிய பை சுமார் 62 லிட்டர் கொள்ளும்; கீழே மூன்று பெரிய வெளிப்பைகளும் அவற்றுக்கு மேலே மூன்று சிறிய பைகளும் இருக்கும்; சட்டகம் இல்லாமல் இதை அணியக் கூடாது. நடுத்தரப் பைக்கு 50 பவுண்டு, அதாவது சுமார் 23 கிலோ என்றும், பெரியதற்கு 70 பவுண்டு, அதாவது சுமார் 32 கிலோ என்றும் ராணுவக் கையேடு உச்ச எடை குறித்திருக்கிறது. இவை பை தாங்கும் எடைகள். நீங்கள் சுமக்க வேண்டிய எடைகள் இல்லை.

ஒரு நாள் நடைக்கும், கோடையில் ஓரிரவு தங்கும் பயணத்துக்கும் நடுத்தரப் பையே போதும். தமிழ்நாடு அரசு 2024 அக்டோபரில் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தின் பாதைகளைப் போல, வழிகாட்டியோடு சென்று அன்றே திரும்பும் நடைகளுக்குப் பெரிய பையைத் தூக்கிச் செல்வது வீண் பாரம். நியூயார்க் மாநிலத்தின் அடிரோண்டாக் மலைகள், நியூ ஹாம்ப்ஷயரின் வெள்ளை மலைகள் போன்ற இடங்களில் இரண்டு மூன்று இரவுகள் தங்குவோருக்கும், குளிர்காலத்தில் தடித்த ஸ்லீப்பிங் பேக் எடுத்துச் செல்வோருக்கும் பெரிய பை பொருந்தும்.

உபரிச் சந்தையில் வேறு இரண்டு பைகளும் அடிக்கடி கண்ணில் படும். ஒன்று, 1990-களின் பிற்பகுதியில் ஆலிஸுக்கு மாற்றாக வந்த 'மோலி' தொகுதியின் பை. இதில் தடித்த இடுப்புப் பட்டை உண்டு, அளவும் தாராளம். சட்டகம் வார்ப்பு பிளாஸ்டிக்கால் ஆனது என்பதால் அதை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, மயிரிழை விரிசல் கூட இல்லை என்று உறுதிசெய்த பிறகே வாங்க வேண்டும். அமெரிக்க மரைன் படை பின்னர் வாங்கிய 'ஃபில்பி' பைகளின் பிளாஸ்டிக் சட்டகங்கள் கடுங்குளிரில் முறிந்ததாகப் புகார்கள் எழுந்து, வலுவூட்டிய சட்டகங்கள் தருவிக்கப்பட்டன. மற்றொன்று, பிரிட்டிஷ் ராணுவத்தின் 'பெர்கன்'. நடுப்பகுதி மட்டும் 100 லிட்டர்; பக்கவாட்டுப் பைகள் தலா 10 லிட்டர்; அந்த இரண்டையும் ஜிப்பைத் திறந்து கழற்றி ஒன்றாகச் சேர்த்தால் சிறிய பகல்நடைப் பையாக மாறும் என்பது அதன் சிறப்பு. முதுகு நீளத்துக்கேற்ப நீள முதுகு, குட்டை முதுகு என இரு அளவுகளில் வருவதால், உங்கள் அளவு எது என்று தெரியாமல் வாங்கக் கூடாது. இரண்டுமே நல்ல பைகள். ஆயினும் முதன்முறையாக உபரிப் பை வாங்குபவருக்கு ஆலிஸையே பரிந்துரைப்பேன். அதன் ஒவ்வொரு பாகமும் கண்ணுக்குத் தெரியும்படி வெளியே இருக்கிறது. பழுதைக் கண்டுபிடிப்பதும் சரிசெய்வதும் எளிது.

வாங்கும்முன் சோதிக்க வேண்டியவை

முதலில் அடையாளச் சீட்டைத் தேடுங்கள். ராணுவத்துக்காகத் தயாரான பையில் 13 இலக்கச் சரக்கு எண் அச்சிடப்பட்டிருக்கும். தனிநபர் சுமைக் கருவிகளுக்கான வகை எண் 8465 என்பதால் எண் அப்படித் தொடங்கும். அதற்கடுத்த இரண்டு இலக்கங்கள் நாட்டைக் குறிக்கும். 00 அல்லது 01 என்றால் அமெரிக்கா, 99 என்றால் பிரிட்டன். அருகிலேயே ஒப்பந்த எண்ணும் இருக்கும். அது 'டி.எல்.ஏ. 100-87-சி' என்ற அமைப்பில் தொடங்கினால், நடுவில் உள்ள 87 என்பது 1987-ஆம் நிதியாண்டைக் குறிக்கிறது. சீட்டு தேய்ந்து மறைந்திருப்பதாலேயே பை போலியாகிவிடாது; ஆனால் சீட்டும் இல்லாமல், துணியும் மெல்லியதாக, தையலும் சீரற்றதாக இருந்தால், அது பார்வைக்கு மட்டும் ராணுவப் பை போலச் செய்யப்பட்ட வணிக நகலாக இருக்க வாய்ப்பு அதிகம். நகல்களின் சட்டகங்களை நம்பிப் பல நாள் நடைக்குப் போக வேண்டாம்.

அடுத்து, பையின் உட்புறத்தைக் கையால் தடவிப் பாருங்கள். நைலான் துணியின் உட்பக்கத்தில் நீர் புகாமலிருக்கப் பாலியூரித்தேன் பூச்சு பூசப்பட்டிருக்கும். வெப்பமும் ஈரப்பதமும் உள்ள கிடங்கில் ஆண்டுக்கணக்கில் கிடந்த பையில் இந்தப் பூச்சு சிதைந்து, விரலில் பிசுபிசுவென்று ஒட்டும் அல்லது வெள்ளைச் செதில்களாக உதிரும். கூடவே புளித்த வாந்தி போன்ற ஒரு நெடியும் வரும். இந்த நெடி சோப்பு போட்டுக் கழுவினாலும் போகாது, ஏனென்றால் நாறுவது அழுக்கு இல்லை, பூச்சேதான். துணி உறுதியாக இருந்து, விலையும் மிகக் குறைவாக இருந்தால் மட்டும் அத்தகைய பையை வாங்கலாம். பூச்சை முழுவதுமாகத் தேய்த்து நீக்கிவிட்டு, உள்ளே நீர்புகா உறை போட்டுப் பயன்படுத்தலாம்.

பிறகு சட்டகத்தைப் பையிலிருந்து கழற்றித் தனியே பாருங்கள். பையின் முதுகுப்பக்க மேல்பகுதியில் உறை போன்ற ஒரு மடிப்பு உண்டு. சட்டகத்தின் மேல் வளைவு அதற்குள் நுழைந்திருக்கும். கீழே இரண்டு நாடாக்கள் குழாயைச் சுற்றி பக்கிளில் இறுக்கப்பட்டிருக்கும். நாடாக்களைத் தளர்த்தி, பையை மேல்நோக்கி உருவினால் சட்டகம் தனியே வந்துவிடும். சட்டகத்தைத் தரையில் நிறுத்தி, மேல் முனைகளை இரு கைகளாலும் பிடித்து எதிரெதிர்த் திசையில் மெதுவாக முறுக்கிப் பாருங்கள். நல்ல சட்டகம் சற்றே வளைந்து ஓசையின்றித் திரும்பும். குழாய்களை இணைக்கும் தறை ஆணியான ரிவெட் தளர்ந்திருந்தால் 'டிக்' என்ற சிறு ஒலி கேட்கும். காதை அருகில் வைத்தால் எந்த ரிவெட் என்பதும் தெரிந்துவிடும். அந்த ரிவெட்டின் தலையைச் சுற்றிச் சாம்பல் நிறப் பொடி படிந்திருந்தால், உலோகம் உலோகத்தோடு நெடுநாள் உரசிக்கொண்டிருக்கிறது என்று பொருள். குழாயில் விரிசல் உள்ள சட்டகத்தை விட்டுவிடுங்கள். ஒரே ஒரு ரிவெட் தளர்ந்ததற்காக விட்டுவிட வேண்டியதில்லை. அதைத் துளையிட்டு நீக்கிவிட்டு, பொருத்தமான போல்ட்டும் தளராத நட்டும் போட்டு முடுக்கிவிடலாம்.

தையல்களில் கவனிக்க வேண்டியவை தோள்வார் பொருந்தும் இடம், மேல்மூடியின் வார்கள், அடிப்பகுதியின் மூலைகள் ஆகிய மூன்றும்தான். சுருக்குக் கயிற்றின் பிளாஸ்டிக் பூட்டு கயிற்றை வழுக்காமல் பிடிக்கிறதா, தோள்வாரில் உள்ள விரைவு விடுவிப்பு நாடாவை இழுத்தால் பிரிகிறதா, இழுக்காதபோது பிரியாமல் நிற்கிறதா என்று பார்த்துவிடுங்கள். பின்னதே முக்கியம்.

கடைசியாக, எல்லாப் பைகளையும், மேல்மூடியின் உள்ளறையையும் கவிழ்த்துத் தட்டிப் பாருங்கள். பயிற்சியில் பயன்படுத்திய வெற்றுத் தோட்டாவோ அதன் கூடோ மடிப்புக்குள் சிக்கிக் கிடப்பது உண்டு. அதே பையோடு விமான நிலையப் பாதுகாப்புச் சோதனைக்குப் போனால், விளக்கம் சொல்லி மீள்வதற்குள் விமானம் கிளம்பிவிடும்.

கழுவுதல்

வெதுவெதுப்பான நீரில், மென்மையான சோப்புக் கரைசலில் ஊறவைத்து, மென்தூரிகையால் தேய்த்து, பலமுறை அலசி, நிழலில் தலைகீழாகத் தொங்கவிட்டுக் காயவைத்தால் போதும். பூஞ்சை வாடை இருந்தால் நீர் கலந்த வினிகரில் ஒரு மணி நேரம் ஊறவைக்கலாம். குளோரின் ப்ளீச் நைலானைப் பலவீனமாக்கும். உலர்த்தும் இயந்திரத்தின் சூடு உட்பூச்சைப் பிரிக்கும். இரண்டையும் தவிர்க்கவும்.

எடையைத் தோளிலிருந்து இடுப்புக்கு இறக்குதல்

இந்தப் பகுதியில் செலவிடும் நேரமும் பணமும்தான் பலன் தரும். முன்னமே சொன்னதுபோல, ஆலிஸின் சொந்த இடுப்பு நாடா எடை தாங்குவதற்கானது இல்லை. அதைக் கழற்றிவிட்டு, மோலி தொகுதியின் தடித்த வார்ப்பு இடுப்புப் பட்டையைச் சட்டகத்தின் கீழ்ப்பகுதியில் பொருத்துவதும், மெல்லிய தோள்வார்களுக்குப் பதிலாக மோலியின் வளைந்த, மெத்தை அடர்ந்த தோள்வார்களைக் கட்டுவதும் பல்லாண்டுகளாகப் புழங்கிவரும் மாற்றம். அமெரிக்க உபரிப் பிரியர்கள் இதை 'ஹெல்கேட்' என்பார்கள். இந்த இரண்டு உதிரிகளும் உபரிக் கடைகளிலேயே தனித்தனியாகக் கிடைக்கின்றன. ஒன்றை மட்டுமே வாங்க முடியும் என்றால் இடுப்புப் பட்டையை வாங்குங்கள். தோள்வாரை அடுத்த முறை பார்த்துக்கொள்ளலாம்.

பொருத்தும்போது இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். பட்டை சட்டகத்தோடு வழுக்காமல் இறுக்கமாகப் பிணைந்திருக்க வேண்டும். தளர்வாகக் கட்டினால் பை தனியாகவும் பட்டை தனியாகவும் நகரும், எடை மீண்டும் தோளுக்கே ஏறிவிடும். பட்டையின் மெத்தை, சட்டகத்தின் கீழ்க் குழாய் முதுகில் படாதபடி குறுக்கே நிற்க வேண்டும். நிற்காவிட்டால் குழாயின் மேல் பாய்த்துண்டு ஒன்றைச் சுற்றித் துணிநாடாவால் ஒட்டிவிடுங்கள்.

அடுத்தது முதுகின் நீளம். தலையை முன்னே குனிந்தால் கழுத்தின் அடியில் புடைத்துத் தெரியும் எலும்பிலிருந்து, இடுப்பெலும்பின் மேல் விளிம்புகளை இணைக்கும் கோடு வரை உள்ள தூரமே முதுகு நீளம். இதை இன்னொருவர் அளந்து சொல்ல வேண்டும். ஆலிஸ் சட்டகம் ஒரே அளவில் வருவதால், நெட்டையானவர்களுக்குப் பட்டை இடுப்பெலும்புக்கு மேலே, வயிற்றில் வந்து நிற்கும். தோள்வார்களின் மேல்முனையைச் சற்றே நீளமாக விட்டுக் கட்டினால் பை முழுவதும் ஓரிரு அங்குலம் கீழிறங்கும். அதற்கும் மேல் இறக்க வேண்டியிருந்தால் அந்தச் சட்டகம் உங்களுக்குப் பொருந்தாது என்பதை ஏற்றுக்கொண்டு வேறு பை பார்ப்பதே நல்லது. உயரம் குறைந்தவர்களுக்குப் பட்டை தொடையருகே இறங்கி நடையைத் தடுக்கும். அவர்கள் தோள்வாரைக் கட்டையாகப் பிடிக்க வேண்டும்.

இனி அணியும் முறை. பையில் சுமார் 8 கிலோ எடையை வையுங்கள்; வெறும் பையில் பொருத்தம் பார்ப்பதில் பயனில்லை. எல்லா வார்களையும் தளர்த்திவிட்டுப் பையை மாட்டுங்கள். சற்று முன்குனிந்து, முதுகின் மேல் பையை ஏற்றி, இடுப்பெலும்பின் மேல் விளிம்பு பட்டையின் நடுவில் அமையும்படி வைத்துப் பட்டையை முதலில் இறுக்குங்கள். நிமிர்ந்த பிறகே தோள்வார்களை இழுக்க வேண்டும். அதுவும் தோளில் வார் படியும் வரைதான். இப்போது தோள்வாருக்கும் தோளின் மேற்பகுதிக்கும் இடையே விரலை நுழைத்துப் பாருங்கள். விரல் எளிதாக நுழைந்தால் எடை இடுப்பில் இருக்கிறது. நுழைய மறுத்தால் தோள்வாரைத் தளர்த்தி, பட்டையை மீண்டும் இறுக்குங்கள். ஏற்றத்தில் தோள்வாரைச் சற்றுத் தளர்த்துவதும், கற்கள் நிறைந்த இறக்கத்தில் பை ஆடாமலிருக்க இறுக்குவதும் நடக்க நடக்கப் பழகிவிடும்.

தோளில் எடை தொடர்ந்து அழுத்துவது வெறும் வலியோடு நிற்பதில்லை. கழுத்திலிருந்து கைக்குச் செல்லும் நரம்புத் தொகுதி நசுங்கி, கை மரத்துப்போவதும், கையைத் தூக்க முடியாமல் போவதும் ராணுவ மருத்துவர்கள் நெடுங்காலமாக அறிந்த பாதிப்பு. இடுப்புப் பட்டையும் சட்டகமும் உள்ள பைகளில் இந்த ஆபத்து குறைகிறது. நடக்கும்போது விரல்கள் சுரீரென்று மரத்தால் அடுத்த திருப்பம் வரை பார்க்கலாம் என்று நடக்காமல், அங்கேயே பையை இறக்கிவிடுங்கள். உணர்வு திரும்பிய பின்னும் அதே எடையோடு தொடர வேண்டாம்.

அடுக்கும் முறையும் எடைக் கணக்கும்

பெரிய ஆலிஸ் பையும் சட்டகமும் வார்களும் சேர்ந்து ஏறத்தாழ 3 கிலோ. இதே கொள்ளளவுள்ள இன்றைய மலையேற்றப் பைகள் பலவும் 1 முதல் 2 கிலோவுக்குள் இருக்கின்றன. இந்தக் கூடுதல் பாரத்தை மற்ற பொருள்களில் குறைத்தே ஈடுகட்ட வேண்டும். அமெரிக்க ராணுவத்தின் 1990-ஆம் ஆண்டு நெடுநடைக் கையேடு, சண்டைக்கான சுமை 48 பவுண்டைத் தாண்டக் கூடாது என்றும், அணிவகுப்புச் சுமை 72 பவுண்டுக்குள் இருக்க வேண்டும் என்றும் சொல்கிறது. பயிற்சி பெற்ற இளம் சிப்பாய்களுக்கே அதுதான் வரம்பு. விடுமுறைக்கு மலையேறுபவர் தன் உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கோடு நிறுத்திக்கொள்வது நல்லது; நல்ல உடல்திறன் உள்ளவர் நான்கில் ஒரு பங்கு வரை போகலாம்.

60 கிலோ எடையுள்ள ஒருவரை எடுத்துக்கொள்வோம். ஐந்தில் ஒரு பங்கு 12 கிலோ. பை 3 கிலோ, இரண்டு லிட்டர் தண்ணீர் 2 கிலோ, நாளொன்றுக்கு 700 கிராம் வீதம் மூன்று நாள் உணவு 2.1 கிலோ. அடிரோண்டாக்கின் கிழக்கு உயர்சிகரப் பகுதியில் ஏப்ரல் 1 முதல் நவம்பர் 30 வரை இரவு தங்குவோர் உணவைக் கரடி திறக்க முடியாத கெட்டிக் குடுவையில் வைத்திருப்பது கட்டாயம். குடுவை ஏறத்தாழ 1.2 கிலோ. கூட்டினால் 8.3 கிலோ ஆகிறது. கூடாரம், ஸ்லீப்பிங் பேக், பாய், அடுப்பு, மாற்றுடை, மழையங்கி எல்லாவற்றுக்கும் சேர்த்து எஞ்சுவது 3.7 கிலோதான். இருவர் சேர்ந்து சென்று கூடாரத்தையும் அடுப்பையும் பகிர்ந்துகொண்டால் இந்தக் கணக்கு ஓரளவு கைகூடும். தனியே செல்பவர் 14, 15 கிலோவை எட்டிவிடுவார். எனவே பையில் இடம் இருக்கிறதே என்று இன்னொரு பொருளைச் செருகும் கையைத் தடுத்துக்கொள்ளுங்கள். 62 லிட்டர் பையின் உண்மையான ஆபத்து அதன் தாராளம்தான்.

அடுக்குவதற்கு முன், குப்பை அழுத்தும் இயந்திரங்களுக்கென விற்கப்படும் தடித்த பிளாஸ்டிக் பையொன்றை உள்ளுறையாக விரித்துவிடுங்கள். பழைய பூச்சை நம்புவதைவிட இது உறுதியானது. வெளியே போடும் மழையுறை, முதுகுப்பக்கம் வழியே வழியும் நீரைத் தடுக்காது, உள்ளுறை தடுக்கும். அடியில் ஸ்லீப்பிங் பேக்கும் இரவு உடைகளும். பெரிய பையின் நடுவறைக்குள், முதுகை ஒட்டி, ஒரு தனி உள்ளறை இருக்கும். அது வானொலிக் கருவிக்காகத் தைக்கப்பட்டது. 1970-களில் படைகள் சுமந்த பி.ஆர்.சி.-77 வானொலி ஏறத்தாழ 6 கிலோ. அவ்வளவு கனமான பொருளை உடலோடு ஒட்டி, உயரத்தில் வைத்தால்தான் நடப்பவர் பின்னால் இழுபடமாட்டார் என்று வடிவமைத்தவர்கள் கண்டதால் அந்த இடத்தைத் தேர்ந்தார்கள். தண்ணீர்ப் பையை அதற்குள் வையுங்கள். கரடிக் குடுவை உள்ளறைக்குள் நுழையாது. அதை ஸ்லீப்பிங் பேக்கின் மேல், முதுகுப்பக்கமாகச் சாய்த்து நிறுத்தி, இடைவெளிகளில் உடைகளைத் திணித்தால் அசையாது.

வெளிப்பைகளுக்குப் பின்னால், அவற்றுக்கும் முதுகுப்பையின் நடுப்பகுதித் துணிக்கும் நடுவே ஒரு சுரங்கவழி இருப்பதைப் பலர் கவனிப்பதே இல்லை. கூடாரக் கம்புகளையோ கைத்தடியையோ அதன் வழியே மேலிருந்து செருகி, மேல்மூடியின் வாருக்குள் நுழைத்துக் கட்டிவிடலாம். வெளிப்பைகள் முதுகிலிருந்து தள்ளி இருப்பதால் அவற்றில் கனமான எதையும் வைக்க வேண்டாம். மழையங்கி, நொறுக்குத்தீனி, முதலுதவிப் பொருள்கள், கழிப்பறைக்கான சிறு மண்வெட்டி போன்றவை போதும். பை நிரம்பாத நாளில், நடுவறைக்குள் தொங்கும் கயிறுகளைக் கீழே உள்ள வளையங்களில் கட்டிப் பையின் உயரத்தைக் குறைத்துவிடுங்கள். இல்லையேல் பொருள்கள் அடியில் சரிந்து, ஒவ்வொரு அடிக்கும் முதுகைத் தட்டிக்கொண்டே வரும். நாடாக்களின் தொங்கும் வால்களை மடித்து ரப்பர் வளையம் போட்டுக்கொள்வதும் அவசியம், ஏனென்றால் புதர்ப் பாதையில் அவைதான் முதலில் மாட்டும்.

மோலி பையில் கூடுதல் உறைகளை மாட்டுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அதன் குறுக்கு நாடாக்கள் 25 மில்லிமீட்டர் அகலத்தில், அதே அளவு இடைவெளியில், 38 மில்லிமீட்டருக்கு ஒரு தையலாக அமைந்தவை. உறையின் வாரைப் பையின் நாடாவிலும் உறையின் நாடாவிலும் மாறி மாறி, பாய் முடைவதுபோல் நுழைத்துக் கீழே பூட்ட வேண்டும். பையின் நாடாக்களில் மட்டும் நேராகச் செருகினால் உறை தலைசாய்ந்து ஆடும்.

கண்ணில் படுவதும் சட்டமும்

ஆலிஸ் பையின் பச்சை நிறத்தின் நோக்கமே மறைந்திருப்பது. வேட்டைக்காலத்தில் அது உயிருக்கு ஆபத்தாகலாம். பென்சில்வேனியாவில், கிழக்கு அமெரிக்காவின் நெடுநடைப் பாதையான அப்பலேச்சியன் பாதையின் நீண்ட பகுதிகள் மாநில வேட்டை நிலங்கள் வழியே செல்கின்றன. அந்த நிலங்களில் நவம்பர் 15 முதல் டிசம்பர் 15 வரை, வேட்டையாடாதவர்களும் 250 சதுர அங்குல ஒளிரும் ஆரஞ்சு நிறம் அணிய வேண்டும் என்பது விதி. முதுகில் அணிந்த ஆரஞ்சை இந்தப் பச்சைப் பை முழுவதுமாக மறைத்துவிடும் என்பதால், பையின் மேலேயே ஆரஞ்சு மழையுறையைப் போட்டுவிடுங்கள். மழை இல்லாவிட்டாலும் போடுங்கள். வழி தவறி உதவி தேட வேண்டிய நேரத்திலும் அந்த நிறமே காப்பாற்றும்.

திட்டுநிறப் பைகளை, அதாவது கேமஃப்ளாஜ் அச்சிட்டவற்றை வெளிநாடுகளுக்கு எடுத்துச் செல்லும்முன் யோசியுங்கள். பார்படோஸ், ஜமைக்கா, டிரினிடாட் போன்ற கரீபிய நாடுகளில் பொதுமக்கள் அத்தகைய உடைகளையும் பொருள்களையும் பயன்படுத்தத் தடை இருக்கிறது. இந்தியாவில், படைவீரர் என்று பிறர் நம்ப வேண்டும் என்ற நோக்கத்தோடு படைவீரருக்குரிய உடையோ அடையாளமோ அணிவது பாரதிய நியாய சன்ஹிதாவின் 168-ஆம் பிரிவின்கீழ் குற்றம். மலையேறப் போகிறவருக்கு அந்த நோக்கம் இருக்காதுதான். இருந்தாலும் சோதனைச் சாவடியில் நின்று விளக்குவதைவிட, ஒற்றை நிறப் பையை எடுத்துச் செல்வதும், பெயர்ச்சீட்டு, படைப்பிரிவுச் சின்னம் ஏதேனும் தைத்திருந்தால் பிரித்துவிடுவதும் எளிது.

முகாமிலும் வீட்டிலும்

அமெரிக்காவின் வடகிழக்குக் காடுகளில் உண்ணிகள் மிகுதி. 0.5 சதவீத பெர்மெத்ரின் என்ற பூச்சிக்கொல்லித் தெளிப்பைப் பையின் வெளிப்புறத்திலும், தரையில் படும் அடிப்பகுதியிலும் தெளித்து முழுக்க உலரவிடலாம். ஈரமாக இருக்கும்போது அது பூனைகளுக்கு நஞ்சு, மீன்களுக்கும் கேடு. எனவே வீட்டுக்கு வெளியே, நீர்நிலைகளிலிருந்து விலகி நின்று தெளிக்க வேண்டும். இரவில் பையைத் தரையில் போட்டுவிட்டுத் தூங்காதீர்கள். வியர்வை ஊறிய தோள்வார்களின் உப்புக்காக முள்ளம்பன்றிகளும் எலிகளும் அவற்றைக் கடித்துக் குதறும். உணவு வாசமுள்ள எதையும் உள்ளே விடாமல், எல்லா மூடிகளையும் திறந்து வைத்து, கூடாரத்தருகே மரத்தில் தொங்கவிடுங்கள். திறந்திருக்கும் பைக்குள் எலி நுழைந்தாலும் துணியைக் கடிக்காமல் வெளியேறிவிடும்.

ஒவ்வொரு பயணத்துக்குப் பிறகும் பையைக் காலியாக்கி, மண்ணைத் தட்டி, இரண்டு நாள் காற்றாட விட்டு, பிறகே உள்ளே வைக்க வேண்டும். காரின் டிக்கியும் வெயில் தகிக்கும் பரணும் இதற்கு ஏற்ற இடங்கள் இல்லை. பாலியூரித்தேன் பூச்சைச் சிதைப்பவை அந்த வெப்பமும் அடைபட்ட ஈரமும்தான். வைக்கும்முன் ரிவெட்டுகளை ஒருமுறை பாருங்கள். தையல் பிரிந்திருந்தால் பருத்தி நூலால் தைக்காமல், கெட்டியான பாலியெஸ்டர் அல்லது நைலான் நூலை எடுத்து, பழைய துளைகளின் வழியாகவே தைத்து, சுமை தாங்கும் இடங்களில் சதுரமும் அதற்குள் பெருக்கல் குறியும் வரும்படி முடியுங்கள். துணியின் மூலைகள் தேய்ந்து மெலிந்திருந்தால் உள்ளிருந்து நைலான் ஒட்டுத்துணி வைத்துத் தைக்கலாம். சட்டகக் குழாயில் விரிசல் விழுந்துவிட்டால் மட்டும் அதை ஒட்டவோ பற்றவைக்கவோ முயலாமல், சட்டகத்தை மாத்திரம் வேறு வாங்கி, பழைய பையை அதன்மேல் ஏற்றிக்கொள்ளுங்கள்.